ஓட்டத்துக்கு ஒரு முறை, வெப்பத்துக்கு இன்னொரு முறை: கலப்புக் கணிப்பு நிரலை அடியிலிருந்து கட்டுவது எப்படி

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 4 சென்டிமீட்டர், உள்ளே வெறும் காற்று. இடது சுவர் வலது சுவரைவிட 20 டிகிரி சூடு. மேலும் கீழும் வெப்பம் கசியாத மூடி. இடது சுவரை ஒட்டிய காற்று சூடாகி மேலே ஏறும், மூடியை ஒட்டி வலப்பக்கம் போகும், அங்கே குளிர்ந்து இறங்கும், தரையை ஒட்டித் திரும்பி வரும். அந்தச் சுழலின் உச்ச வேகமே நொடிக்குச் சுமார் 4 சென்டிமீட்டர்தான். கையை உள்ளே விட்டால்கூட உணர முடியாத காற்று. ஆனால் இடது சுவரிலிருந்து வலது சுவருக்குப் போகும் வெப்பத்தை அது நாலரை மடங்கு கூட்டிவிடுகிறது.

இந்தப் பெட்டியைக் கணினியில் சரியாகக் கொண்டுவருவதுதான் இங்கே வேலை. 1983-இல் கிரஹாம் டி வால் டேவிஸ் இதற்கான துல்லியமான விடைகளை வெளியிட்டார். வெப்பச்சலன நிரல் எழுதுகிறவர்கள் அன்றுமுதல் தங்கள் நிரலை முதலில் உரசிப் பார்க்கும் கல் இதுதான். ஓட்டத்தை லாட்டிஸ் போல்ட்ஸ்மன் முறையிலும் (துகள் கூட்டங்களை மோதவிட்டு நகர்த்துவது), வெப்பநிலையை ஃபைனைட் டிஃபரன்ஸ் முறையிலும் (பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசங்களைக் கொண்டு கணக்கிடுவது) தீர்த்து, இரண்டையும் ஒவ்வொரு காலப்படியிலும் இணைக்கப் போகிறோம். இரண்டு முறைகளும் தனித்தனியே எளிமையானவை. தவறு நுழைவது அவை சேரும் தையலில்தான். அதனால் அந்த இடங்களில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்.

ஒரு சொல் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். பாய்மக் கணிப்பில் 'ஹைப்ரிட்', அதாவது கலப்பு, என்ற சொல்லுக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு. 1972-இல் ஸ்பால்டிங் முன்வைத்த திட்டத்தில், பாய்மம் வெப்பத்தைச் சுமந்து செல்லும் வேகம் கட்ட அளவில் ஒரு வரம்பைத் தாண்டினால் மைய வேறுபாட்டிலிருந்து (இரு பக்க மதிப்புகளையும் சமமாக எடுப்பது) எதிரோட்ட வேறுபாட்டுக்கு (ஓட்டம் வரும் பக்கத்து மதிப்பை மட்டும் எடுப்பது) நிரல் தானாக மாறிக்கொள்ளும். அங்கே ஒரே முறைக்குள் இரண்டு சூத்திரங்கள். இங்கே இரண்டு முழு முறைகள். ஸ்பால்டிங்கின் வரம்பு கடைசியில் நமக்கும் தேவைப்படும்.

ஏன் கலக்க வேண்டும்?

லாட்டிஸ் போல்ட்ஸ்மன் முறையில் ஒவ்வொரு கட்டத்திலும் சில திசைகளில் ஓடும் துகள் கூட்டங்களின் அளவைச் சேமிக்கிறோம். அவை மோதும், பக்கத்துக் கட்டத்துக்கு நகரும், அவ்வளவுதான். அழுத்தத்துக்கென்று தனிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியதில்லை. இது பெரிய நிம்மதி. ஆனால் வெப்பநிலையையும் அதே துகள்களின் ஆற்றலிலிருந்தே எடுக்கப் பார்த்தால் நிரல் எளிதில் வெடித்துவிடும். 2003-இல் லலமன், லுவோ இருவரும் இந்த நிலையின்மை எங்கிருந்து வருகிறது என்று அலசிக் காட்டி, வெப்பநிலையை மட்டும் பிரித்து ஃபைனைட் டிஃபரன்ஸில் தீர்க்கும் கலப்பு வழியைக் கொடுத்தார்கள்.

வெப்பத்துக்கென்று இரண்டாவது துகள் தொகுதி ஒன்றை வைப்பது இன்னொரு வழி. அது நன்றாக வேலை செய்யும், ஆனால் நினைவகம் கேட்கும். முப்பரிமாணத்தில் 200 × 200 × 200 வலை என்றால் 80 லட்சம் கட்டங்கள். 19 திசைகள் உள்ள ஓட்டத் தொகுதியின் ஒரு பிரதிக்கே சுமார் 1.2 ஜிகாபைட் வேண்டும். வெப்பத்துக்கு 7 திசைகள் வைத்தால் இன்னும் 450 மெகாபைட் போல ஆகும். வெப்பநிலையை ஒரே எண்ணாக வைத்தால் 64 மெகாபைட் போதும். ஒற்றை எண்ணைச் சுமக்க ஏழு பெட்டிகள் எதற்கு?

படி 1: எண்களை முதலில் காகிதத்தில் முடியுங்கள்

நிரலைத் திறக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். நம் பெட்டியை இரண்டே எண்கள் முழுதாக விவரிக்கின்றன. பிராண்டில் எண், பாகுநிலைக்கும் வெப்பம் பரவும் திறனுக்கும் உள்ள விகிதம், காற்றுக்கு 0.71. ரேலி எண், மிதப்பு விசை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும். நம் 4 சென்டிமீட்டர் பெட்டிக்கு அறை வெப்பநிலைக் காற்றின் மதிப்புகளைப் போட்டால் ஏறத்தாழ 1.2 லட்சம் வருகிறது. உரைகல்லோடு ஒப்பிட வசதியாகச் சரியாக 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

இனி லாட்டிஸ் அலகுகள். கட்டத்தின் அகலம் 1, காலப்படி 1. பெட்டியின் பக்கம் 100 கட்டங்கள். ஒரு அடையாள வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஈர்ப்பு, வெப்ப விரிவுக் கெழு, வெப்பநிலை வித்தியாசம், பக்கம் நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது அது. அதை 0.1 என்று வையுங்கள். மற்றவை தாமாக வந்துவிடும்.

பாகுநிலை = 0.1 × 100 × வர்க்கமூலம்(0.71 ÷ 100000) = 0.02665
வெப்பம் பரவும் திறன் = 0.02665 ÷ 0.71 = 0.03753
டௌ = 3 × 0.02665 + 0.5 = 0.580
மிதப்புக் கெழு = 0.1 × 0.1 ÷ 100 = 0.0001

டௌ என்பது மோதலுக்குப் பிறகு துகள்கள் சமநிலைக்குத் திரும்ப எடுக்கும் காலம். அது 0.5-ஐ நெருங்க நெருங்க நிரல் தள்ளாடும். அதற்காக அடையாள வேகத்தைக் கூட்டினால் வேறு தொல்லை: இந்த முறையில் காற்று லேசாக அமுங்கும், அதனால் வரும் பிழை வேகத்தின் வர்க்கத்தோடு வளரும். மிகவும் குறைத்து 0.01 என்று வைத்தாலோ டௌ 0.508-க்கு இறங்கிவிடும். 0.1 நல்ல நடுவழி. பெட்டியில் உண்மையில் வரும் உச்ச வேகம் இதில் கால்வாசிதான், சுமார் 0.026. ஒலி வேகமான 0.577-க்கு முன்னால் இது மிகச் சிறியது.

வெப்பநிலையைச் சூடான சுவரில் 0.5, குளிர்ந்த சுவரில் −0.5 என்று வையுங்கள். 1 என்றும் 0 என்றும் வைப்பது பலருக்கும் பழக்கம். நடுவில் பூஜ்யம் இருந்தால் மிதப்பு விசையின் சராசரியும் பூஜ்யமாகி, தேவையில்லாத அழுத்தச் சரிவு எழாது. இந்தச் சின்ன மாற்றம் பின்னால் ஒரு அருமையான சோதனைக்கும் உதவும்.

படி 2: சுவர் எங்கே இருக்கிறது?

இரண்டு நாள் நான் முட்டிக்கொண்டு நின்ற இடம் இது. முன்பு எழுதி வைத்திருந்த வெப்பநிலை நிரலை அப்படியே எடுத்து ஓட்ட நிரலோடு சேர்த்தேன். படம் அழகாக வந்தது, சுழல் சரியாகச் சுற்றியது, ஆனால் விடை உரைகல்லோடு ஒட்டவில்லை. வலையை இரட்டிப்பாக்கினால் பிழை நாலில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். பாதியாகத்தான் குறைந்தது.

காரணம் இதுதான். லாட்டிஸ் போல்ட்ஸ்மனில் துகள் சுவரில் பட்டு வந்த வழியே திரும்பும்போது, சுவர் கடைசிப் புள்ளிக்கு அரைக் கட்டம் வெளியே இருக்கிறது. பாடப்புத்தக ஃபைனைட் டிஃபரன்ஸில் சுவர் கடைசிப் புள்ளியின் மேலேயே இருக்கிறது. 100 புள்ளிகள் என்றால் ஓட்டத்துக்குப் பெட்டியின் பக்கம் 100, வெப்பத்துக்கு 99. காற்று ஒரு பெட்டியில் ஓடுகிறது, சூடு அதற்குள் இருக்கும் சற்றே சிறிய இன்னொரு பெட்டியில் பரவுகிறது. ரேலி எண் பக்கத்தின் கனத்தைப் பொறுத்தது, ஆகவே அதில் மட்டுமே 3 சதவீத வித்தியாசம் வந்துவிடுகிறது.

தீர்வு எளிது. வெப்பநிலைப் புள்ளியையும் கட்டத்தின் நடுவில் வையுங்கள், சுவர் கட்டத்தின் ஓரத்தில் இருக்கட்டும். சுவரில் வெப்பச் சரிவை இப்படி எடுக்கலாம்:

சரிவு = (9 × முதல் கட்டம் − இரண்டாம் கட்டம் − 8 × சுவர்) ÷ 3

இது இரண்டாம் படித் துல்லியம் உள்ளது, அதாவது வலையை இரட்டிப்பாக்கினால் பிழை நாலில் ஒரு பங்காகும். மேல், கீழ் மூடிகளில் சரிவு பூஜ்யம். அந்த முகத்தின் வழியே எதுவும் போவதில்லை என்று விட்டுவிட்டால் போதும்.

படி 3: ஓட்டத்தை மட்டும் எழுதுங்கள்

டி2கியூ9 என்ற அமைப்பு: இரு பரிமாணம், ஒன்பது திசைகள். நகராமல் நிற்கும் கூட்டத்துக்கு எடை 4/9, நேர்த் திசைகள் நாலுக்கும் தலா 1/9, மூலைத் திசைகள் நாலுக்கும் தலா 1/36. எடைகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். நிரலில் இதையும் ஒரு வரியில் சரிபார்த்து வையுங்கள்.

ஒன்பதையும் கூட்டினால் அடர்த்தி. திசையோடு பெருக்கிக் கூட்டி, அதோடு விசையின் பாதியைச் சேர்த்து, அடர்த்தியால் வகுத்தால் வேகம். அந்தப் பாதி விசையை மறப்பவர்கள் அதிகம். மறந்தால் காலத்தில் ஒரு படித் துல்லியம் போய்விடும்.

சமநிலை அளவு: எடை × அடர்த்தி × (1 + 3அ + 4.5அ² − 1.5வ²). இதில் 'அ' என்பது திசையும் வேகமும் கொண்ட புள்ளிப் பெருக்கம், 'வ' வேகத்தின் அளவு. மோதல் என்பது இப்போதுள்ள அளவிலிருந்து சமநிலை அளவைக் கழித்து, டௌவால் வகுத்து, அதை இப்போதுள்ள அளவிலிருந்து குறைப்பது. 1954-இல் பட்நாகர், கிராஸ், குரூக் மூவரும் கொடுத்த எளிமையாக்கம் இது.

மிதப்பு விசை செங்குத்தாக மட்டும் இருப்பதால், 2002-இல் குவோவும் அவரோடு இருந்தவர்களும் கொடுத்த விசை உறுப்பு நமக்கு இப்படிச் சுருங்குகிறது:

(1 − 1 ÷ (2 × டௌ)) × எடை × விசை × [3 × (செங்குத்துத் திசை − செங்குத்து வேகம்) + 9 × அ × செங்குத்துத் திசை]

மோதலுக்குப் பிறகு இதைச் சேருங்கள். அப்புறம் ஒவ்வொரு கூட்டத்தையும் அதன் திசையில் ஒரு கட்டம் நகர்த்துங்கள். பைத்தானில் நம்பை என்ற எண் கணக்கு நூலகத்தின் 'ரோல்' கட்டளை இதைச் செய்துவிடும். ஆனால் அது ஒரு ஓரத்தில் வெளியேறுவதை மறு ஓரத்தில் கொண்டுவந்து போடும், சுவர்களில் அதை நீங்கள் மேலெழுத வேண்டும். இடது ஓரக் கட்டத்தில் கிழக்கே போகும் கூட்டத்துக்கு, அதே கட்டத்தில் நகர்வுக்கு முன் மேற்கே போகவிருந்த கூட்டத்தின் அளவைப் போடுங்கள். மூலைத் திசைகளுக்கும் அப்படியே, எதிர்த் திசை. நகர்வுக்கு முந்தைய பிரதியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம்.

வெப்பத்தைச் சேர்க்காமல் இரண்டு இணைத் தட்டுகளுக்கு நடுவே சீரான விசை கொடுத்து ஓடவிடுங்கள். பரவளைய வேகம் வந்தால் இந்தப் பாதி சரி.

படி 4: வெப்பத்தை மட்டும் எழுதுங்கள்

ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு முகங்கள். ஒரு முகத்தின் வழியே போகும் வெப்பம்: இரு பக்க வேகங்களின் சராசரி × இரு பக்க வெப்பநிலைகளின் சராசரி, அதிலிருந்து பரவும் திறன் × வெப்பநிலை வித்தியாசம் கழிக்கப்படும். உள்ளே வந்ததைக் கூட்டி, வெளியே போனதைக் கழித்தால் புதிய வெப்பநிலை. இப்படி முகக் கணக்காக எழுதினால் ஒரு கட்டம் இழந்த வெப்பம் பக்கத்துக் கட்டத்துக்குக் கட்டாயம் போய்ச் சேரும். வேகத்தை வெப்பச் சரிவால் பெருக்கும் நேரடி வடிவத்தில் அந்த உத்தரவாதம் இல்லை. நான் எப்போதும் முகக் கணக்கைத்தான் சொல்வேன். விடையைச் சரிபார்க்கும்போது இதன் அருமை தெரியும்.

பழைய மதிப்புகளிலிருந்தே புதியதை நேரடியாக எடுக்கும் இந்த வெளிப்படைக் கணக்கு நிலையாக இருக்க மூன்று வரம்புகள் உண்டு. பரவும் திறன் 0.25-க்குக் கீழே இருக்க வேண்டும், நமக்கு 0.0375. வேகத்தின் வர்க்கம் பரவும் திறனின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது; நமக்கு 0.0007-க்கு எதிரே 0.075. வேகத்தைப் பரவும் திறனால் வகுத்தால் வரும் பெக்லெட் எண் 2-க்குக் கீழே இருந்தால் பொய்யான ஏற்ற இறக்கங்கள் வராது, நமக்கு 0.69. மூன்றும் தாராளம்.

பாதரசம் போன்ற திரவ உலோகம் என்றால் நிலைமை வேறு. பிராண்டில் எண்ணை 0.025 என்று வைத்து அதே கணக்கைப் போட்டால் பரவும் திறன் 0.2 ஆகிவிடும், எல்லைக்கு மிக அருகில். அங்கே ஓட்டத்தின் ஒரு காலப்படிக்குள் வெப்பத்தை இரண்டு, மூன்று சிறிய படிகளாகப் பிரித்து நகர்த்துவது நல்லது.

வேகங்களை எல்லாம் பூஜ்யமாக்கி இந்தப் பாதியை ஓடவிடுங்கள். இடமிருந்து வலம் நேர்கோடாக வெப்பநிலை இறங்க வேண்டும்.

படி 5: தையல்

ஒரு காலப்படிக்குள் வரிசை இதுதான். பழைய வெப்பநிலையை மிதப்புக் கெழுவால் பெருக்கி விசை. துகள்களிலிருந்தும் அந்த விசையிலிருந்தும் அடர்த்தி, வேகம். அந்த வேகத்தையும் பழைய வெப்பநிலையையும் கொண்டு புதிய வெப்பநிலை, ஆனால் தனி அணியில். பிறகு மோதல், அதில் முன்பு எடுத்த அதே பழைய விசை. நகர்வு, சுவர்த் திருப்பம். கடைசியில் புதிய வெப்பநிலையைப் பழையதன் இடத்தில் வைத்தல்.

புதிய வெப்பநிலை கையில் இருக்கிறதே என்று மோதலில் அதைப் போட்டுவிடத் தோன்றும். வேகத்தில் சேர்த்த பாதி விசையும் மோதலில் போட்ட விசையும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். நிலைத்த விடையில் இந்த வித்தியாசம் தெரியாமல் போகும், காலத்தோடு மாறும் ஓட்டத்தில் கடித்துவிடும்.

தொடக்கத்தில் எங்கும் வேகம் பூஜ்யம், வெப்பநிலை பூஜ்யம், அடர்த்தி 1. நம் பெட்டியில் ஒரு காலப்படி உண்மையில் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் 2.7 பங்கு. 80,000 படிகள் ஓடினால் 22 நொடிகள். சாதாரண மடிக்கணினியில் சில நிமிட வேலை. ஒவ்வொரு 1,000 படிக்கும் ஒருமுறை வெப்பநிலையில் வந்த அதிகபட்ச மாற்றத்தைப் பாருங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் நிறுத்தலாம்.

ஓடும்போதே ஒரு சோதனை. வெப்பநிலை அணியை 180 டிகிரி சுழற்றி மூல அணியோடு கூட்டுங்கள். எல்லா இடத்திலும் பூஜ்யம் வர வேண்டும், கணினியின் முழுமையாக்கப் பிழை மட்டும் மிஞ்சலாம். சூடான காற்று இடப்பக்கம் செய்வதையே குளிர்ந்த காற்று வலப்பக்கம் தலைகீழாகச் செய்கிறது. எந்த மூலையிலாவது ஒரு திசை எண் மாறியிருந்தால் நூறாவது படிக்குள்ளேயே இது காட்டிக்கொடுத்துவிடும். வெப்பநிலையை −0.5 முதல் 0.5 வரை வைக்கச் சொன்னதன் இரண்டாவது காரணம் இதுதான்.

படி 6: உரசிப் பாருங்கள்

வெறும் கடத்தலைவிட எத்தனை மடங்கு வெப்பம் போகிறது என்பதுதான் நசெல்ட் எண். சுவர் நெடுகச் சரிவைச் சராசரி எடுத்து, பக்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். சுவருக்கு எந்தச் சூத்திரத்தை நிரலில் போட்டீர்களோ அதையேதான் இங்கும் போட வேண்டும். டி வால் டேவிஸின் சராசரி மதிப்புகள்: ரேலி எண் 1,000-க்கு 1.118, 10,000-க்கு 2.243, 1 லட்சத்துக்கு 4.519, 10 லட்சத்துக்கு 8.800.

1,000-இலிருந்து தொடங்குங்கள். அங்கே ஓட்டம் மிகவும் மெல்லியது, விடை ஒன்றுக்குப் பக்கத்தில். பிழை இருந்தால் அது பெரும்பாலும் வெப்பப் பாதியில்தான் இருக்கும். 10,000-இல் ஒட்டாமல் போனால் விசையைச் சந்தேகியுங்கள்.

1 லட்சத்தில் நசெல்ட்டோடு உச்ச வேகத்தையும் பாருங்கள். நடு உயரத்தில் செங்குத்து வேகத்தின் உச்சம், பரவும் திறன் ÷ பக்கம் என்ற அலகில் 68.59, அது சூடான சுவரிலிருந்து பக்கத்தின் 0.066 பங்கு தொலைவில் வருகிறது. நம் பெட்டியில் 2.6 மில்லிமீட்டர், வலையில் ஆறரைக் கட்டம். சுவரை ஒட்டிய அந்தச் சின்ன ஓடை ஆறு கட்டங்களுக்குள் உச்சத்துக்கு ஏறிவிடுகிறது என்பதைப் படமாக வரைந்து பார்த்தால்தான் வலையின் அருமை புரியும்.

பிறகு சூடான சுவர், குளிர்ந்த சுவர், நடுக்கோடு மூன்றிலும் கடக்கும் வெப்பத்தைத் தனித்தனியே கணக்கிடுங்கள். நடுக்கோட்டில் ஓட்டம் சுமப்பதையும் சேர்க்க வேண்டும். நிலைத்த நிலையில் மூன்றும் ஒன்றாக வர வேண்டும். முகக் கணக்காக எழுதியிருந்தால் பல தசம இடங்கள்வரை ஒட்டும். ஒட்டவில்லை என்றால் இன்னும் நிலைக்கவில்லை அல்லது தையலில் எங்கோ கசிவு.

வலையை இரட்டிப்பாக்கும்போது ஒரு கவனம். 200 கட்டங்களுக்கு அடையாள வேகத்தை 0.1-லேயே விட்டால், அமுங்குவதால் வரும் பிழை அப்படியே நிற்கும். வலையை எவ்வளவு கூட்டினாலும் விடை ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும். வேகத்தையும் 0.05 ஆக்குங்கள். பாகுநிலையும் டௌவும் மாறாது, பிழை நாலில் ஒரு பங்காகும். விலை: கட்டங்கள் நாலு மடங்கு, படிகளும் நாலு மடங்கு, மொத்தம் பதினாறு மடங்கு நேரம்.

படி 7: பத்து லட்சமும் அதற்கு மேலும்

10 லட்சத்தில் உச்ச வேகம் அதே அலகில் 219.36, சுவரிலிருந்து 0.0379 பங்கு தொலைவில். 100 கட்ட வலையில் அந்த உச்சத்துக்கு முன்னால் நாலு கட்டம்கூட இல்லை, பெக்லெட் எண் 2.19-க்கு ஏறிவிடுகிறது. பெக்லெட் எண் 2 என்ற ஸ்பால்டிங்கின் வரம்பு இங்கேதான் குறுக்கே வருகிறது. அவர் வழியில் எதிரோட்ட வேறுபாட்டுக்கு மாறினால் நிரல் நிலையாக ஓடும், ஆனால் இல்லாத பரவலைக் கூட்டி விடையை மழுக்கும். என் தேர்வு 200 கட்டங்கள்: பெக்லெட் 1.1, டௌ 0.551, உச்சத்துக்கு முன்னால் ஏழரைக் கட்டம். டௌ இதற்கும் கீழே இறங்கும் கணக்குகளில் ஒற்றை டௌவை விட்டுவிட்டு, இரண்டு தளர்வு எண்கள் (டௌ போன்ற திரும்பும் காலங்கள்) உள்ள மோதலுக்குப் போங்கள். இரண்டாவது எண் சுவர் நிற்கும் இடத்தைப் பாகுநிலையைப் பொறுத்து நகராமல் பிடித்துவைக்கும்.

ரேலி எண் சுமார் 18 கோடியைத் தாண்டினால் காற்று நிறைந்த இந்தச் சதுரப் பெட்டியில் ஓட்டம் நிலைத்து நிற்காது, அலையாகத் துடிக்கத் தொடங்கும். அதிகபட்ச மாற்றத்தைப் பார்த்து நிறுத்தும் வழி அங்கே உதவாது. நசெல்ட் எண்ணை ஒவ்வொரு படியிலும் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள், தொடக்கக் குழப்பம் அடங்கிய பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுங்கள். மோதலில் பழைய விசையா புதிய விசையா என்ற அந்தக் கேள்வி இங்கே விடையிலேயே தெரியும்.